தாழ்ப்பாள் போடும் நேரம்

"இரவில் மட்டும் அடையும் கூட்டில், வளர்ந்த கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி இடம் போதுமானது. பகலிலும் அடைத்து வைக்கப்படும் கோழிக்கு இரண்டு சதுர அடிக்குக் குறையக் கூடாது. வெப்பமான பகுதிகளில், கோடை மாதங்களில், கோழிகளின் எண்ணிக்கையை மேலும் குறைத்து, கூட்டின் பக்கங்களைக் காற்று ஊடாடும்படி திறந்து வைக்க வேண்டும்."

எங்கள் நிறுவனத்தின் கோழி வளர்ப்புக் கையேட்டில் உள்ள விதி இது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் இதை மனப்பாடமாகச் சொல்வீர்கள். நானும் சொல்வேன். இதில் ஒரு சொல்லும் தவறில்லை. இந்த விதி முழு நலத்தோடு நடைமுறையில் இருந்த ஒரு மே மாதத்தில்தான், நாங்கள் செய்து கொடுத்த கூட்டுக்குள் ஒரே மதியத்தில் பதினேழு கோழிகள் செத்தன.

கோழி செத்ததற்கு இத்தனை பீடிகையா என்று நினைப்பீர்கள். நம் வேலையில் கோழி சாவது புதிதில்லை. கழிச்சலில் சாகும், கீரி பிடித்துச் சாகும், பண்டிகைக்குச் சாகும். இந்தப் பதினேழோடு சேர்ந்து போனது வேறு. அதற்குக் கையேட்டில் தலைப்பு இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, ஏழைப் பெண்களுக்கு ஆடு கோழி கொடுத்து வாழ்க்கையை உயர்த்தும் ஒரு நிறுவனத்தில் என் வேலைநாள் முழுவதையும் கழித்தவன் நான். கடைசி ஆண்டுகளில் தூத்துக்குடிக் கடற்கரை என் பொறுப்பு. எங்கள் தலைமை அலுவலகம் ஒரு மலையூரில் இருந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோப்பு பார்க்கிற ஊர். திட்டத்துக்கான கோழிக்கூட்டை அங்கேதான் வடிவமைத்தார்கள். ஆறடி நீளம், நாலடி அகலம், நான்கு கால்கள், மேலே தகரம். மூன்று பக்கமும் இடைவெளி இல்லாமல் பலகை அடித்து, முன்பக்கம் மட்டும் கம்பி வலைக் கதவு. ஒரு கூட்டுக்கு இருபத்தைந்து கோழி. கோழிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி. கணக்கு சுத்தம். மலைக்குளிரில் கோழி விறைத்துவிடாமல் இருக்க அதைவிட நல்ல கூடு செய்ய முடியாது.

அந்தக் கூட்டை லாரியில் ஏற்றி, தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தில் பொங்கல் கழிந்து இறக்கினோம். பெற்றுக்கொண்டவள் பெயர் பிரகாசி.

நாற்பது வயதுக்கு உள்ளேதான். கணவர் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தவர். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. கரையில் இருக்கும்போது மஞ்சள் காமாலை வந்து போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் ஒன்பதாவது, சின்னவள் ஆறாவது. மீன்கூடை சுமந்து சுமந்து பிரகாசிக்கு முட்டிக்கால் போய்விட்டது. சாயர்புரத்தில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தங்கை தனியாகக் கிடக்கிறாளே என்ற நியாயமான கவலை. அவள் மாட்டேன் என்றாள். கணவர் கட்டிய வீடு, கணவரின் கல்லறை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அவளுக்கென்று நாலு பேர், எல்லாம் அங்கேதான். கடைசியில் அண்ணன் ஒரு முடிவு சொன்னார்: ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் வரை பார்ப்போம். அதற்குள் நீயாக வீட்டை நடத்திக் காட்டினால் இரு, இல்லையென்றால் பிள்ளைகளைச் சாயர்புரத்தில் சேர்த்துவிடுவேன். அவள் நடத்திக் காட்ட இருந்தது எங்கள் இருபத்தைந்து கோழியை வைத்துத்தான்.

கூட்டை இறக்கிய அன்றே அதற்கு முதல் மதிப்புரை கிடைத்துவிட்டது. கருவாட்டுக் களத்துக்குப் பெரியவள் மாதிரி இருந்த லூர்தம்மாள், பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏளா பிரகாசி, உன் கோழிக்குக் குளிரும்னு மூணு பக்கமும் பலகை அடிச்சிக் குடுத்திருக்காவளா? அப்படியே ஒரு கம்பளியும் கேட்டு வாங்கியிருக்கலாம்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பலகை என் கண்ணிலும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் இரவில் மட்டும் அடைகிற கூடு என்றால் கடற்கரையில் அது பெரிய கேடில்லை. பகல் முழுக்கக் கோழி வெளியே திரியப் போகிறது.

பிப்ரவரியில் தடுப்பூசி போடப் போனபோது நடுப்பகல். கோழிகள் எல்லாம் கூட்டுக்குள் இருந்தன. தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"கோழி ஏம்மா அடைஞ்சு கிடக்கு? சீக்கா?"

"மீன் கெடக்குல்லா சார்" என்றாள், பகலில் சூரியன் இருக்கும் என்று சொல்கிற தொனியில்.

திரும்பிப் பார்த்தேன். அவள் வாசற்படியில் இருந்து கடல் வரைக்கும் மணலில் வலை விரித்து நெத்திலியும் சாளையும் காயப் போட்டிருந்தார்கள். அந்தக் கிராமத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மீன் களத்தில் கிடக்கும்போது கோழி வெளியே வரக் கூடாது. எச்சம் விழுந்த கருவாட்டை வியாபாரி மொத்தமாகக் கழித்துவிடுவார். ஆகையால் மீன்மேல் கால் வைத்த கோழி, பிடித்தவர் வீட்டுச் சட்டிக்கு. யாரும் சண்டைக்குப் போக முடியாது.

"காலையில எப்ப அடைப்ப?"

"வள்ளம் வந்து மீன் விரிச்ச ஒடனே."

"எப்ப தொறப்ப?"

"மீன் அள்ளுன பொறவு. அந்தி சாயயில கொஞ்ச நேரம் திரியும். பொறவு அதுவாவே வந்து அடைஞ்சிரும். நல்ல கோழி சார், சொன்ன பேச்சு கேக்கும்."

அந்த ஊரில் இதற்கு முன் யாரும் கோழி வளர்க்காமல் இல்லை. வீட்டுக்கு ஒன்றிரண்டு இருக்கும். பகலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடி வைப்பார்கள். பஞ்சாரம் பின்னல் கூடை. சுற்றிலும் காற்று போகும். ஒரு தொந்தரவும் வந்ததில்லை. இருபத்தைந்து கோழியும் பலகைக் கூடும் அந்த ஊருக்குப் புதிது. நாங்கள் இரவுக்கு என்று கணக்குப் போட்டுக் கொடுத்த கூடு அங்கே இரவுக்கும் பகலுக்கும் ஆகிவிட்டது. அதே விதிப்படி அந்தக் கூட்டில் பன்னிரண்டு கோழிக்குமேல் இருக்கக் கூடாது. கோடையில் அதுவும் அதிகம்.

பயனாளியைத் தேர்வு செய்யும்போது இது தெரியாதா என்று கேட்பீர்கள். கேள்வித்தாளோடு வந்து கணக்கெடுத்தவர்கள் வேறு ஆட்கள். "வீட்டைச் சுற்றிக் கோழி மேய இடம் உண்டா?" என்பது கேள்வி. உண்டு என்று பிரகாசி சொன்னாள். பொய்யில்லை. கடற்கரை முழுக்க இடம். எந்த நேரத்தில் உண்டு என்று கேட்க அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

அன்று மாலையே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ஒன்று, பாதிக் கோழிக்கு இன்னொரு கூடு. அல்லது கோழியைக் குறைக்க அனுமதி. இரண்டு, இரு பக்கப் பலகையை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடிக்க அனுமதி. அனுமதி எதற்கு என்றால், ஒப்பந்தப்படி ஓராண்டு வரை கூடு நிறுவனத்தின் சொத்து. அதில் மாற்றம் செய்தாலோ, கோழியைக் கைமாற்றினாலோ, இரண்டாம் தவணைக் கோழியும் கூடும் கிடைக்காது. கொடுத்த மறுநாளே கூட்டை உடைத்து அடுப்பெரித்த சிலரை நினைத்து எழுதிய விதி. அதுவும் தவறான விதி இல்லை. விதிகள் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகானவை. ஒரே வாசலில் இரண்டு சந்திக்கும்போதுதான் தகராறு.

ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திட்ட மேலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். இளைஞர், மரியாதை தெரிந்தவர்.

"சார், நீங்க எழுதினது ரொம்ப வேலிட் பாயிண்ட். ஆனா டிசைன் அப்ரூவ் ஆனது. கமிட்டில வைக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"கமிட்டி எப்போ?"

"குவாட்டர்லி, சார்."

"எங்க ஊர்ல வெயில் மாசாமாசம் ஏறுதே."

சிரித்தார். "உங்க ஹ்யூமர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், சார். நினைவூட்டல் ஒண்ணு போட்டு வைங்க."

போட்டேன். மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் இரண்டு. கோடையில் கோழிக்கு ஏன் கூடுதல் இடம் என்பதை ஒன்றில் படம் வரைந்து விளக்கினேன். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். நெருக்கமாக நின்றால் ஒன்று தள்ளிய சூட்டையும் ஈரத்தையும் அடுத்தது வாங்கும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். காற்று நின்றுபோனால் பலகைக் கூடு இட்லிக் கொப்பரைதான். "பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது. அது எந்திரம் அனுப்புகிற வரி.

இதற்கிடையில் ஒப்பந்தத்தில் அடங்குகிற எல்லாவற்றையும் செய்தோம். கூட்டின் கதவு கடலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தோம். தகரத்தின் மேல் பனையோலை பரப்பினோம். பிரகாசி தானாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். வீட்டில் இருந்த பழைய பஞ்சாரத்தை எடுத்து, தினம் ஐந்து கோழியை முறை வைத்து அதற்குள் விட்டு, சுவர் நிழலில் வைத்தாள். சின்னவள்தான் யார் முறை என்று சொல்வாள். எல்லாக் கோழிக்கும் அவளிடம் பெயர் இருந்தது. "அவ நேத்தே போயிட்டா, இன்னைக்கு இவ" என்று சண்டை போடுவாள்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் முதல் முட்டை வந்தது. வள்ளத்தில் முதலில் பிடிபடும் மீனில் ஒரு பங்கு மாதாவுக்கு என்பது அங்கே வழக்கம். பிரகாசி முதல் முட்டையைக் கோயிலில் கொண்டுபோய் வைத்தாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அதை அவித்துத் தின்றிருப்பார் என்று சொன்னேன். "தின்னட்டுமே சார், அவரும் மெலிஞ்சுதான் இருக்காரு" என்றாள். அவள் மனம்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு மாதம்தான்.

மே தொடக்கத்தில் ஒரு நாள், பதில் வராது என்று தெரிந்துபோய், ஆணி பிடுங்கும் சுத்தியலோடு போனேன்.

"தள்ளு. ரெண்டு பக்கப் பலகையையும் எடுத்திருதேன்."

கூட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "வேண்டாம் சார்."

"எம் பேர்ல எழுதிக்கிடட்டும். வர்ற மார்ச்சுல ரிட்டயர் ஆகப் போறவனை என்ன செய்வாவ?"

"எழுதுறது உங்க பேர்ல. அடுத்த கோழி வராம போறது எம் பேர்லல்லா? கூட்டைத் தொட்டா அடுத்த கூடு இல்லன்னு நீங்கதான் சார் வாசிச்சுக் காட்டுனீங்க. அண்ணன்ட்ட ரெண்டு கூடுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு கூட்டுக் கோழில வீடு நடக்காதுன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அதுக்குள்ள கோழிக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"பதில் வந்துரும்லா சார்? நீங்க நாலு தடவ எழுதியிருக்கீங்க."

என் படிப்பின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. சுத்தியலை வண்டியில் வைத்துவிட்டு வந்தேன். இந்த இடத்தை நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். ஒப்பந்தத்தை நாம் வாசித்துக் காட்டுவது நம்மைக் காத்துக்கொள்ள. அவர்கள் கேட்டுக்கொள்வது அதன்படி நடக்க. நம் அலுவலகத்தில் யாரும் முழுதாகப் படிக்காத, கூட்டைத் தொடக் கூடாது என்ற பத்தாம் பிரிவை, அந்த ஊரில் ஒருத்தி வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று நாம் எண்ணுவதே இல்லை. ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க எழுதிய விதி முதலில் பிடிப்பது ஏமாற்றாதவளைத்தான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நான் கயத்தாறில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். திட்டத்தின் வெற்றியைப் பற்றிய கூட்டம். மதியச் சாப்பாட்டுக்கு முன் பிரகாசியின் அழைப்பு வந்தது.

"சார், கோழியெல்லாம் வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கி. றெக்கையை விரிச்சிட்டு நிக்கி. ரெண்டு படுத்திட்டு."

"காத்து இருக்கா?"

"இல்ல சார். காலையில கச்சான் அடிச்சிச்சி, அப்படியே நின்னுபோச்சு. கடக்காத்து இன்னும் ஏறல. ஓலை அசைய மாட்டேங்கு."

கச்சான் என்பது மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று. அது நின்று கடற்காற்று கிளம்புவதற்கு இடையில் சில நாள் ஒரு வெற்றிடம் வரும். கூட்டுக்குள் இருபது கோழி இருக்கும் என்று மனத்தில் கணக்கு ஓடியது. இதுபோன்ற நேரத்தில் நமக்குத் தெரிந்த பத்து விஷயமும் ஒன்றாக வாயில் வந்து முட்டும். ஒன்றை மட்டும் சொல்லுங்கள். முதலில் செய்யக் கூடாததைச் சொல்லுங்கள். பதறியவர்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள்.

"உள்ள தண்ணி ஊத்தாத, புழுக்கம் கூடும். கையை விட்டுப் பிடிக்காத, பயந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். கதவைத் தொறந்து போட்டுட்டு நீ விலகிப் போ. அதுவா வெளிய வரும்."

"வாசல்ல மீன் கெடக்கு சார்."

"யாரு மீன்?"

"எல்லாரு மீனும்."

"லூர்தம்மா இருந்தா போனைக் குடு."

"சொல்லுங்க கோழி டாக்டர்" என்றாள் லூர்தம்மாள்.

"அம்மா, வாசல் பக்கத்து மீனை மட்டும் அள்ளச் சொல்லுங்க. கோழி வெளிய வந்து நிழல்ல நிக்கட்டும்."

"இது காலம்பற விரிச்ச ஈர மீனு சார். இப்ப அள்ளிக் குமிச்சா புழு வச்சிரும். எம் மீனுன்னா ரெண்டாம் பேச்சுப் பேச மாட்டேன். ஊரு மீனு. யாரு யார்ட்டன்னு கேக்க?"

"கேளுங்கம்மா."

தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் கத்தியது எனக்குக் கேட்டது. "ஏளா, எல்லாரும் வாங்க! பிரகாசி வாசல் மீனை அள்ளுங்க! எவ மீனுன்னு பாக்காதீங்க, அள்ளுங்க, கேக்கிறவளுக்கு நான் சொல்லிக்கிடுதேன்!"

நான் வண்டியைக் கிளப்பினேன். கயத்தாறிலிருந்து அந்தக் கிராமத்துக்கு எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நடந்ததை லூர்தம்மாள் பிறகு சொன்னாள். பெண்கள் ஓடிவந்து அள்ளினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அன்று சொந்த மீனைக் குப்பையாக்கிக்கொண்ட வீடுகள் பல. கதவையும் திறந்துவிட்டார்கள். கோழிகள் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக வாசலுக்கு வரத் தொடங்கின. அந்த நேரம், கொட்டகையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் சத்தம் கேட்டு உதவிக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் பாய்ந்து போய், கோழிகளைச் சீக்கிரம் வெளியே எடுத்துவிடலாம் என்று கதவு வழியாகக் கையை விட்டான். நல்ல மனசு. "கையை விடாதீய, கையை விடாதீய" என்று பிரகாசி கத்தியது இரைச்சலில் ஒருவர் காதிலும் விழவில்லை. வாசலுக்கு வந்த கோழி எல்லாம் மிரண்டு, பின்மூலைப் பலகைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அங்கே காற்று நுழைய ஒரு விரல் இடம் கிடையாது.

நான் போய் இறங்கியபோது கடற்காற்று வந்துவிட்டிருந்தது. நன்றாகவே வீசியது. மணலில் ஒரு பழைய வலைத்துண்டின் மேல் கோழிகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஈர மீன் கூடைகளோடு பெண்கள் சுற்றி நின்றார்கள். கூட்டின் பின்பக்கப் பலகையும் ஒரு பக்கப் பலகையும் பெயர்ந்து கிடந்தன. பிரகாசியின் கையில் விறகு வெட்டும் கத்தி இருந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அவள் உடைத்த அந்த ஓட்டை வழியாக மூன்று கோழி உயிரோடு வந்திருந்தன. பஞ்சாரத்தில் இருந்த ஐந்தும் பிழைத்திருந்தன.

என்னைப் பார்த்ததும் அவள் கோழியைப் பற்றிச் சொல்லவில்லை.

"சார், கூட்டைக் கெடுத்துட்டேன்" என்றாள்.

அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தேன். லூர்தம்மாள்தான் பேசினாள். "கெடுத்தா என்னளா? அங்கன ஒக்காந்து இதைச் செஞ்சவன ஒருநாள், ஒரே ஒருநாள், இதுக்குள்ள அடைச்சித் தாப்பாப் போடணும். கமிட்டியும் கூடிரும், பதிலும் வந்துரும்."

செத்த கோழியை யாரும் சமைக்கக் கேட்கவில்லை. மேட்டு மணலில் குழி வெட்டிப் புதைத்தார்கள். சின்னவள் குழிக்குப் பக்கத்தில் நின்று பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் வேண்டாம் என்று சொல்லியும் அவள் நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். நானும் இருந்தேன். கூட்டைச் சுற்றி வந்து பார்த்தார். தங்கையை ஒரு சொல் சொல்லவில்லை. என்னிடம் கேட்டார்: "சார், நீங்க ஆபீசர். இன்னொரு தடவ குடுப்பாவளா? குடுப்பாவன்னு சொன்னா நான் இவள விட்டுட்டுப் போறேன்."

பிரகாசி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் அவள் அந்த வீட்டில் இன்னும் கொஞ்ச காலம் இருப்பாள். கூடு சேதமானதால் விதிப்படி கிடையாது என்பது எனக்குத் தெரியும். கெஞ்சினால் கிடைக்கலாம் என்பதும் தெரியும். கிடைக்காவிட்டால் இரண்டு பிள்ளைகளின் ஒரு படிப்பாண்டு நடுவில் தொங்கும் என்பதும் தெரியும். இப்படிப்பட்ட கேள்வி உங்களையும் ஒருநாள் வந்து பிடிக்கும். அப்போது உங்கள் விருப்பத்தைத் தகவல் மாதிரிச் சொல்லிவிடாதீர்கள்.

"உறுதியாச் சொல்ல முடியாது. எழுதியிருக்கேன். பதில் வரல" என்றேன்.

"பள்ளிக்கூடம் காத்திருக்காதுல்லா சார்" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "ஏளா, கோழிக்காக இல்ல. நீ வா."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். பெரியவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் பிறக்கும் முன் போய்விட்டார்கள். எட்டுக் கோழியையும் பஞ்சாரத்தையும் லூர்தம்மாள் எடுத்துக்கொண்டாள். கைமாற்றக் கூடாது என்ற விதியை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. கூட்டை எடுத்துப்போக லாரி வந்தது, அது மட்டும் குறித்த நாளில் வந்தது. ஆண்டறிக்கையில் "பயனாளி இடம்பெயர்ந்தார்" என்று இருந்தது. அந்த வரியைப் படிக்கிறவருக்கு அவள் ஏதோ நல்ல இடம் தேடிப் போனதாகத் தோன்றும். வட்டாரத்தில் மற்ற கூடுகளை நான் யாரையும் கேட்காமல் பிரித்து வலை அடித்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கேட்டிருந்தாலாவது விதிக்கு ஒரு உயிர் இருந்தது என்று ஆகியிருக்கும்.

கோழிக்கு எத்தனை சதுர அடி என்று உங்களிடம் எல்லோரும் கேட்பார்கள். சொல்லுங்கள், கையேட்டில் உள்ளதே சரி. ஆனால் அளவு நாடாவை எடுப்பதற்கு முன், இந்தத் தாழ்ப்பாளை யார் போடுகிறார்கள், எந்த நேரத்தில் போடுகிறார்கள், எதற்குப் பயந்து போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கூடு ஒரு தெருவில் போதுமான இடம். அடுத்த தெருவில் கொலைக்களம். அனுமதி கேட்டு எழுதினால், பதில் வராமல் போனால் என்றைக்கு நீங்களாகச் செய்வீர்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். பயனாளிக்கு அதில் பொறுப்பில்லை என்றும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

மழைக்காலம் தொடங்கிய பின் ஒருமுறை அந்த ஊருக்குத் தடுப்பூசி போடப் போனேன். அன்று கல்லறைத் திருநாள். இறந்தவர்களுக்காக ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடி மெழுகுவத்தி ஏற்றும் நாள். வெளியூரில் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள். பிரகாசியும் பிள்ளைகளோடு வந்திருந்தாள். கணவரின் கல்லறையில் புல்லைப் பிடுங்கிவிட்டு, சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தாள்.

"எப்படி இருக்கம்மா?"

"இருக்கேன் சார். அண்ணன் நல்லாத்தான் வச்சிருக்கான். கடையில நிக்கேன். மிஷின் சூடாவக் கூடாதுன்னு ஏசி போட்டிருக்கு." லேசாகச் சிரித்தாள். "லூர்து மயினி முட்ட குடுத்து விடுதாவ. சின்னவ தின்ன மாட்டேங்கா."

வீட்டைப் பற்றிக் கேட்டேன். பூட்டிக் கிடக்கிறது, வாடகைக்குக் கேட்கிறார்கள், இன்னும் மனசு வரவில்லை என்றாள். மெழுகுவத்தி அணைந்து அணைந்து போனது. பெரியவள் கையால் மறைத்துக்கொண்டு மறுபடியும் ஏற்றினாள்.

"அந்தப் பதில் வந்திச்சா சார்?" என்று கேட்டாள் பிரகாசி. குத்திக் காட்டக் கேட்கவில்லை. எழுதினோமே, என்ன ஆனது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

என் சட்டைப்பையில் இருந்த கைப்பேசியில் தலைமை அலுவலகத்தின் பதில் இருந்தது. கடலோரப் பகுதிகளில் கூடு ஒன்றுக்குப் பன்னிரண்டு கோழி வைத்துக்கொள்ளலாம். இரு பக்கப் பலகையை நீக்கிக் கம்பி வலை அடிக்கலாம். மேற்படி பயனாளிக்குக் கூடுதல் கூடு ஒன்று வழங்கக் குழு ஒப்புதல் அளிக்கிறது. கீழே அவள் பெயரும் ஊரின் பெயரும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தன.

"வந்திச்சு" என்றேன்.

"என்ன போட்டிருக்காவ?"

"கேட்டதெல்லாம் குடுத்திருக்காவ. பலகையை எடுக்கலாமாம். இன்னொரு கூடும் உண்டாம்."

தலையை ஆட்டினாள். கல்லறையின் மேல் உதிர்ந்து கிடந்த பூவை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எப்ப வந்திச்சு சார்?"

"இன்னைக்குக் காலையில" என்றேன். நவம்பர் இரண்டு.